அகல டயர்

என் வீட்டுக்காரர் ஹேய்க்கா ஒரு டயர் வாங்குவதற்கு யோசித்ததில் பாதிகூட என்னைக் கல்யாணம் செய்துகொள்ள யோசித்திருக்க மாட்டார். அந்த ஏப்ரலில் சாப்பிடும்போது டயர், சவுனா நீராவி அறையில் வியர்த்துக்கொண்டிருக்கும்போது டயர், சர்ச்சில் பாதிரியார் பேசிக்கொண்டிருக்கும்போதும் டயர். நான் கேலி செய்தேனே தவிர, அவர் ஏன் அப்படிக் குழம்புகிறார் என்று எனக்குத் தெரியும். எங்களிடம் மிச்சமிருந்த பனிமான்கள் ஏரிக்கு அக்கரையில் பட்டினியாக நின்றுகொண்டிருந்தன. தீவனம் அங்கே போய்ச் சேர்ந்தால் அவை பிழைக்கும். சேராவிட்டால் எங்கள் வீட்டுக்கும் மானுக்கும் உள்ள உறவு அந்த வருஷத்தோடு தீர்ந்தது.

ஜனவரியில் மழை பெய்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். குளிர்காலத்தில் எங்களுக்குப் பனி வேண்டும், மழை ஆகாது. பனி விழுந்தால் மான் அதைக் காலால் பறித்துவிட்டு அடியிலிருக்கும் பாசியைத் தின்னும். மழை பெய்து உறைந்துவிட்டால் பாசிக்கு மேல் கண்ணாடி பதித்த மாதிரி ஆகிவிடும். பாசி இருப்பது மூக்குக்குத் தெரியும், வாய்க்கு எட்டாது. மார்ச்சுக்குள் மந்தையில் பெரும்பகுதி போய்விட்டது. எத்தனை போயிற்று என்று நான் சொல்லப்போவதில்லை. எங்கள் பக்கம் ஒருவரிடம் எத்தனை மான் என்று கேட்பதும், பாங்கில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்பதும் ஒன்றுதான்.

மீதியிருந்தவை அக்கரை மேட்டுக்குப் போய்விட்டன. அங்கே பழைய காடு. மரக்கிளைகளில் தாடியாகத் தொங்கும் பாசி கொஞ்சம் உண்டு. அதைக் கடித்துக்கொண்டு உயிரைப் பிடித்துவைத்திருந்தன. எல்லாம் பெட்டைகள், எல்லாம் சினை. மே மாதம் குட்டி போட வேண்டியவை. இக்கரைக்கு ஓட்டிக்கொண்டு வரலாமென்றால் அவற்றுக்கு நடக்கவே தெம்பு இல்லை.

எங்கள் மகள் ரிஸ்டென் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை பார்த்தாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. "குட்டி நின்னுச்சுன்னா நான் வந்துர்றேம்மா," என்று போனில் சொன்னாள். "நிக்கலேன்னா வந்து என்னத்த மேய்க்க? உங்க ரெண்டு பேரையுமா?" அவள் வாய் என் வாய். அவள் வந்தால்தான் எங்களுக்குப் பிறகு மந்தைக்கு ஆள் உண்டு. அந்தப் பெட்டைகள் குட்டி போட்டால்தான் அவள் வருவாள்.

ஏப்ரல் பாதியில் பனி ஸ்கூட்டர் படுத்துவிடும். வீட்டிலிருந்து ஏரிக்கரைவரை பனி உருகி வெறும் சேறு. ஏரிமேல் ஐஸ், அதன்மேல் ஊறிப்போன பனி. அக்கரையில் தொடையளவு பழைய பனி. ஒரே பயணத்தில் இந்த மூன்றிலும் ஓட வேண்டுமானால் ஏ.டி.வி. என்கிற நாலு சக்கர வண்டி ஒன்றுதான் வழி. எங்களிடம் அது இருந்தது. ஆனால் நான்கு டயரும் பட்டன் தேய்ந்து வழுக்கையாகிக் கிடந்தன. அதனால்தான் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஹோல்கரின் கடைக்குப் போனோம். ஹேய்க்காவின் தம்பி யுவ்வாவும் கூட வந்தான். அவன் வராமல் ஹேய்க்கா ஒரு ஆணிகூட வாங்க மாட்டார். வாங்கும்போது அவன் சொல்வதைக் கேட்கவும் மாட்டார்.

"வண்டியோட வந்த டயர் மாதிரியே போட்டுக்கோயேன் ஹேய்க்கா," என்றார் ஹோல்கர்.

"அது எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் ஓடும், எதுலயும் முழுசா ஓடாது. உன் மச்சான் மாதிரி."

ஹோல்கர் சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து இரண்டு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். ஒன்று சேற்றுக்கென்றே செய்தது. ஒடுக்கமானது. பட்டன் ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் உயரம், நடுவில் நல்ல இடைவெளி. தோண்டிக்கொண்டே போய்க் கெட்டித்தரையைப் பிடிக்கும். மற்றது அகலம். பக்கவாட்டு ரப்பர் மெத்தென்று இருந்தது. பட்டன்கள் தணிவாக, நெருக்கமாக இருந்தன. காற்றைக் குறைத்து ஓட்டினால் பனிக்குள் இறங்காமல் மேலேயே போகும், ஆனால் ஆழமான சேற்றில் மாட்டினால் பட்டனெல்லாம் அடைத்துக்கொண்டு வழுக்கும்.

"அண்ணே, பேசாம இந்தச் சேத்து டயரைப் போடு," என்றான் யுவ்வா. "சதுப்பு வழியா ஏரியைச் சுத்திப் போயிரலாம். ஐஸ் பக்கமே திரும்ப வேணாம்."

"சேத்து டயர் அடித்தரையைத் தேடித் தோண்டும். நம்ம சதுப்புக்கு அடி எங்கடா இருக்கு? பெரியப்பா ஓட்டிட்டுப் போன டிராக்டர் இன்னும் கீழ போய்ட்டே இருக்கும்."

"பனியில நல்லா இழுக்குமே."

"பனியிலயும் தோண்டத்தான் செய்யும். வண்டி வயிறு தட்டி உக்காந்துரும், நாலு சக்கரமும் சும்மா சுத்தும். தீவன மூட்டை மேல உக்காந்து நான் பாட்டுப் பாடணும்."

"அப்ப ஏரி வழியாத்தான் போறேங்கிற," என்றேன்.

"வேற வழி இருந்தாச் சொல்லு ரவ்னா."

"ஓரமெல்லாம் ஐஸ் கறுத்துக் கிடக்கு. நேத்து நீதானே பார்த்துட்டு வந்து சொன்ன?"

"அதுக்குத்தான் அகல டயர். பாரம் ஒரே இடத்துல இறங்காது."

ஹேய்க்கா ஹோல்கரிடம் நான்கு அகல டயரையும் மாட்டச் சொன்னார். மாட்டியதும் காற்றைத் திறந்துவிட்டு, முட்டியால் அமுக்கினால் குழியும் அளவுக்குக் குறைத்தார். ஹோல்கர் தலையை ஆட்டினார். "இவ்வளவு குறைச்சா ஒடிச்சுத் திரும்பும்போது ரிம்மை விட்டுக் கழண்டுக்கும். அப்புறம் என்னை வந்து திட்டக் கூடாது."

"உன்னைத் திட்ட எனக்குக் காரணம் வேணுமா?" என்று சொல்லிவிட்டு ஹேய்க்கா யுவ்வாவை வண்டியில் ஏறச் சொன்னார். அப்புறம் பூட்ஸ் காலை முன்சக்கரத்துக்கு எதிரே நீட்டினார். "மெதுவா ஓட்டு."

"நிஜமாவா?"

"ஓட்டுடா."

டயர் அவர் காலில் ஏறி இறங்கியது. மனிதர் முகம் சுளிக்கவில்லை. "பூனை ஏறிப் போன மாதிரி இருக்கு," என்றார்.

"கால் போயிருந்தா உன்னை யார் தூக்கிட்டுத் திரியறது? நான் மாட்டேன்."

"நீயும் வச்சுப் பாரேன்."

வைத்தேன். என்ன சொல்ல, எனக்கும் வலிக்கவில்லை. அவ்வளவு பெரிய வண்டி, அதன்மேல் யுவ்வா வேறு அவன் தொந்தியோடு உட்கார்ந்திருந்தான். என் காலுக்கே வலிக்காதது ஐஸுக்கு மட்டும் என்ன செய்துவிடும் என்று எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் ஏரியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

டயர் அவர் சொன்ன மாதிரியே ஓடியது. வீட்டுச் சேற்றில் கொஞ்சம் தடுமாறும், அது கொஞ்ச தூரம்தான். ஏரிமேல் ஏறிவிட்டால் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். அக்கரைப் பனியிலும் இறங்கவில்லை. முதல் நாள் தீவனத்தைக் கொட்டிவிட்டு வந்தவர், தொப்பியைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து, "தின்னுச்சு ரவ்னா," என்றார். எங்கள் பக்க வழக்கப்படி நான் காப்பியில் பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டுக் கொடுத்தேன். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவ்வளவு ருசித்துக் குடித்ததில்லை.

தினமும் போனார். நானும் கூடப் போய்ப் பார்த்தேன். முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்த பெட்டைகளுக்குத் தோல் கொஞ்சம் நிரம்ப ஆரம்பித்தது. கரிமூக்கி என்று ஒருத்தி உண்டு. எல்லோருக்கும் முன்னால் வருவாள், என் சட்டைப்பையை முகர்ந்து பார்ப்பாள், தொட விட மாட்டாள். அவள் வயிற்றுக்குள் குட்டி அசைவது வெளியே தெரிந்தது. ரிஸ்டெனிடம் போனில் சொன்னேன். "இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டேம்மா," என்றாள். அவள் அப்பா போனைப் பிடுங்கி, "அவசரப்படாதடி," என்று அதட்டினார். அதட்டிவிட்டுப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அந்த டயர் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. அது பனியைக் கிழிக்கவில்லை, அமுக்கியது. அமுக்கியது இராத்திரிக் குளிரில் இறுகியது. தினமும் போய் வரப் போய் வர, மேட்டிலிருந்து ஏரியைக் குறுக்கே தாண்டி எங்கள் கரைவரை, அங்கிருந்து சேற்றுத் தடமாகக் கொட்டகை வாசல்வரை, வண்டி அகலத்துக்கு ஒரு பாதை விழுந்துவிட்டது. இரண்டு பக்கமும் பனி பொதபொதவென்று இருக்க, அது மட்டும் பலகையாகக் கிடந்தது. "அரசாங்கம்கூட இப்படி ரோடு போடலண்ணே," என்றான் யுவ்வா. தெம்பில்லாத மானுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பெட்டைகள் அந்தப் பாதையில் நடக்கப் பழகின. முதலில் காட்டு விளிம்புவரை வந்தன. அப்புறம் கரைவரை. வண்டிச் சத்தம் கேட்டாலே வரிசையாக இறங்கி வந்து காத்திருந்தன.

"பாரு, மாப்பிள்ளையை அழைக்க வந்து நிக்கிறாளுங்க," என்று ஹேய்க்கா பெருமையடித்துக்கொண்டார்.

அக்கரையோரம் உருகிச் சகதியாகிவிட்ட பிறகு, அவர் தீவனத்தை ஏரிமேலேயே கொட்ட ஆரம்பித்தார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குளிர்காலம் முழுக்க நாங்கள் எல்லோருமே ஐஸ்மேல்தான் தீவனம் போடுவோம். தட்டையான இடம், தீவனம் மண்ணாகாது, ஓநாய் வந்தால் தூரத்திலேயே தெரியும். அவருடைய அப்பா செய்தார், என் அப்பா செய்தார். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கொட்டினார். அங்கே ஈரமானதும் இன்னும் கொஞ்சம் தள்ளி. ஆறு வந்து விழும் இடத்தில் ஐஸ் மெல்லியது என்பது எங்களுக்குத் தெரியும். வண்டி அதன் பக்கமாகத்தான் தினமும் போனது, தீவனமும் அதன் பக்கமாகத்தான் விழுந்தது. காலைக் குளிரில், அகல டயரில், நிற்காமல் போனதால் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் அதை மறந்துபோனோம்.

ஹோல்கர் சொன்னது ஒருநாள் நடந்தது. வெறும் வண்டியோடு திரும்பும்போது, வீட்டுக்குக் கீழே சேற்றுச் சரிவில் ஒடித்துத் திருப்பியிருக்கிறார். முன்டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிட்டது. டயரைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கி, காற்றடித்துப் பார்த்தோம். பிடிக்கவில்லை. வால்வும் பிய்ந்திருந்தது. மறுநாள் சக்கரத்தைக் காரில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். கடை பூட்டியிருந்தது. ஹோல்கர் வரும்வரை காத்திருந்து சரிசெய்துகொண்டு வர நாள் போய்விட்டது. ஒருநாள் பட்டினி அவற்றுக்குப் புதிதில்லை என்று சொல்லிக்கொண்டோம். நிஜமாகவே புதிதில்லைதான்.

அடுத்த நாள் விடிந்ததும் தீவன மூட்டையை எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். வாசலில் கரிமூக்கி நின்றுகொண்டிருந்தாள். காலிச் சாக்குக்குள் மூக்கை விட்டு உதறிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹேய்க்கா, இங்க வந்து பாருய்யா," என்று கூப்பிட்டேன். "ஒருநாள் நீ போகலேன்னதும் உன்னைத் தேடிக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டா."

அவர் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்தார். சிரித்துக்கொண்டுதான் வந்தார். அப்புறம் அவள் வயிற்றைப் பார்த்தார். வயிற்று மயிரெல்லாம் ஐஸ் சடைசடையாகத் தொங்கியது. கழுத்துவரை நனைந்து உறைந்திருந்தாள். அவர் அவளுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பாதை காலியாகக் கிடந்தது. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்.

ஆறு விழும் இடத்தில் ஐஸ் பெரிதாகத் திறந்து கிடந்தது. சினைப் பெட்டை குட்டி போடும்வரை கொம்பை உதிர்க்காது. தண்ணீருக்கு மேலே கொம்புகள் தெரிந்தன. ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. மான் நன்றாக நீந்தும், ஆனால் ஐஸ் விளிம்பில் முன்காலைப் போட்டு ஏறத் தெம்பு வேண்டும். கரிமூக்கிக்கு மட்டும் அது இருந்திருக்கிறது. விளிம்பைச் சுற்றிலும் குளம்பால் பறித்த தடம். ரொம்ப நேரம் பறித்திருக்கின்றன. நாங்கள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தோம்.

எப்படி நடந்தது என்பது தடத்திலேயே இருந்தது. பசியில் பாதையோடு இறங்கி வந்திருக்கின்றன. வரிசையாக வந்தவரை ஐஸ் தாங்கியிருக்கிறது. முந்தாநாள் தீவனம் கொட்டின இடத்துக்கு வந்ததும், சிந்திக் கிடந்த துணுக்கை நக்க எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிட்டன. வெயிலில் இளகிய ஐஸ். அவ்வளவுதான். என் கால்மேல் பூனையாக ஏறி இறங்கிய டயர்தான் அவற்றை அங்கே கூட்டிக்கொண்டு வந்து விட்டது. ஹேய்க்கா விளிம்பில் மண்டியிட்டு ஒவ்வொன்றின் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. நெஞ்சு வெடித்துச் செத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அது என்னவோ ஒழுங்காக அடித்துக்கொண்டே இருந்தது.

யுவ்வா வந்தான். ஐஸ் திறந்து கிடந்த இடத்தைப் பார்த்தான். அப்புறம், "அந்தச் சேத்து டயரைப் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"போட்டிருந்தா மேட்டுலயே செத்திருக்கும்," என்றேன். "ஒரு மூட்டைகூடப் போய்ச் சேர்ந்திருக்காது. வாயை மூடு."

"அண்ணி, நான் தப்பாச் சொல்லல."

"டயர் நல்ல டயர்டா," என்றார் ஹேய்க்கா. தலை நிமிரவில்லை. "நான் வாங்கினதுலயே நல்ல டயர்."

யாரையாவது திட்ட முடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரைத் திட்டலாமென்றால் அவர் செய்ததில் எதைத் தப்பென்று சொல்வது? சட்டைப்பையில் போன் அடித்தது. ரிஸ்டென். எடுத்தால் என் குரலிலேயே தெரிந்துவிடும். அடித்து முடியட்டும் என்று விட்டேன். மறுபடி அடித்தபோது அணைத்துவிட்டேன்.

செத்ததைத் தண்ணீரில் விட்டுவைக்க முடியாது. கீழ்க்கரை ஊர் முழுக்க அந்த ஏரியைத்தான் குடிக்கிறது. இழுக்க வண்டி வேண்டும். அந்த ஐஸ் தாங்கும் வண்டி ஒன்றுதான் இருந்தது. யுவ்வா போய் அதை ஓட்டிக்கொண்டு வந்தான். அந்தப் பாதையிலேயே வந்தான். ஹேய்க்கா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு விளிம்பில் படுத்து, கொம்பில் சுருக்குப் போட்டுக் கொடுத்தார். யுவ்வா வண்டியை நகர்த்தினான். முதல் பெட்டை தண்ணீர் ஒழுக ஒழுக மேலே வந்தாள். கரைவரை இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு, அடுத்ததற்குத் திரும்பி வந்தான்.

அவனுக்குப் பின்னாலேயே கரிமூக்கி வந்துகொண்டிருந்தாள்.

கொட்டகையில் அவளுக்குத் தீவனம் கொட்டிவிட்டுத்தான் வந்திருந்தோம். அவள் அதைத் தொடவில்லை. தனியாக நின்று மான் தின்னாது. இத்தனை நாளும் அந்த வண்டிச் சத்தம் கேட்டால் எல்லோரும் கூடித் தின்னும் நேரம் என்றுதான் அவளுக்குத் தெரியும். சத்தம் கேட்டு வந்துவிட்டாள். திறந்து கிடந்த தண்ணீரை நோக்கி, வண்டியின் பின்சக்கரத்துக்கு ஒட்டினாற்போல், அலுங்காமல் நடந்து வந்தாள்.

"அவளை விரட்டு ரவ்னா," என்று ஹேய்க்கா விளிம்பிலிருந்து சொன்னார். "இங்க வர விடாத."

"சுருக்குப் போட்டுக் கட்டிரலாமே அண்ணே," என்றான் யுவ்வா.

"கட்டினா துள்ளித் துள்ளியே வயித்துக் குட்டியைக் கலைச்சுக்குவா. விரட்டு."

நான் கையை வீசிக்கொண்டு அவளை நோக்கி ஓடினேன். அவள் நின்று என் சட்டைப்பையைப் பார்த்தாள். போ என்று கத்தினேன். தினமும் வா வா என்று கூப்பிட்ட அதே வாய்தானே, அவளுக்கு எப்படிப் புரியும்? இன்னும் பக்கத்தில் வந்தாள். உடைந்து கிடந்த ஐஸ் கட்டியைப் பொறுக்கி எறிந்தேன். ஒன்று காலுக்கு முன்னால் விழுந்தது. அடுத்தது அவள் வயிற்றில் பட்டது. எங்களுக்கென்று மிச்சமிருந்த ஒரே குட்டி அந்த வயிற்றில்தான் இருந்தது. அவள் துள்ளிக் கரைப்பக்கம் ஓடினாள். கொஞ்ச தூரம் போய் நின்று, திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஹேய்க்கா அடுத்த கொம்பில் சுருக்கை மாட்டிவிட்டுக் கையைத் தூக்கினார். யுவ்வா வண்டியைக் கிளப்பினான். சத்தம் கேட்டதும் கரிமூக்கி காதைத் திருப்பி, பாதையில் இறங்கி, மறுபடி எங்களை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து இன்னொரு ஐஸ் கட்டியைப் பொறுக்கினேன்.